பயிற்சி வினாப் புள்ளிகளும் மருத்துவப் பதிவுப் பரீட்சையும்: முன்னறிதலின் எல்லைகள் பற்றிய ஒரு நோக்கு

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் குடியிருக்கும் ஒரு தாயார், சில காலத்துக்கு முன்னர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பிள்ளை மாதிரிச் சோதனையிலை எழுபத்திரண்டு எடுத்திருக்கிறான். உண்மைச் சோதனையிலையும் அவ்வளவு வருந்தானே?" அவருடைய மகன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறாண்டு மருத்துவம் பயின்று திரும்பியவர். இந்நாட்டில் மருத்துவராகத் தொழில்புரிவதற்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் அவர் சித்தியடைந்தாக வேண்டும். ஊரிலிருந்த காணி ஏற்கெனவே ஈட்டுக்குப் போயிருந்தது. தமிழிலக்கியம் கற்பிப்பவனாகிய என்னிடம் அக்கேள்விக்கு அன்று விடை இருக்கவில்லை. ஆயினும் அது விட்டுவிடக்கூடிய கேள்வியாகவும் தோன்றவில்லை. இக்கட்டுரை அதிலிருந்தே பிறந்தது.

முதலில் இப்பரீட்சையின் இயல்பினை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டமே இந்நாட்டில் மருத்துவராகப் பதிவு பெறுவதற்குரிய அடிப்படையாக இன்றும் விளங்குகின்றது. உள்நாட்டு மருத்துவ பீடங்களிற் பட்டம் பெறுவோருக்கு இத்தனிப் பரீட்சை இல்லை. அந்நிய நாடுகளிற் பட்டம் பெற்றுத் திரும்புவோரே அதற்குத் தோற்றவேண்டியவர்கள். முன்னர் இது 'சட்டம் 16 பரீட்சை' எனப் பேச்சுவழக்கில் வழங்கியது. பல்தேர்வு வினாத்தாளோடு இது முடிந்துவிடுவதில்லை. வாய்மொழிப் பரீட்சையும், நோயாளியை நேரிற் பரிசோதித்துக் காட்டும் மருத்துவச் செய்முறைப் பரீட்சையும் இதன் உறுப்புக்களாகும். இவ்வமைப்பு பின்னர் நாம் கூறப்போவதற்கு மிக முக்கியமானது.

இப்பரீட்சைக்குத் தோற்றுவோரின் சமூகப் பின்னணி ஒருபடித்தானதன்று. 1960இல் மொஸ்கோவில் நிறுவப்பட்டு, மறு ஆண்டிற் பற்றிஸ் லுமும்பாவின் பெயரைத் தாங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள், ஆசிய ஆபிரிக்க நாடுகளின் வசதியற்ற இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளத்தோடு உயர்கல்வி வழங்கின. இடதுசாரி இயக்கத்தோடு தொடர்புகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவ்வழியில் மருத்துவராயினர். சோவியத் யூனியன் 1991இல் மறைந்த பின்னர் அவ்வழி பெரிதும் அடைபட்டது. இன்று ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் வங்காளதேசத்துக்கும் நேபாளத்துக்கும் செல்பவர்களுட் பெரும்பாலோர் பணம் கொடுத்துப் படிப்பவர்களே. வர்க்க உள்ளடக்கம் மாறிவிட்டது. திரும்பிவந்தபின் கடக்கவேண்டிய வாயில் மட்டும் மாறவில்லை.

அவ்வாயிலின் முன்னே ஒரு சந்தை விரிந்திருப்பதைக் காண்கிறோம். முந்திய பரீட்சைகளில் வந்தவை என்று நினைவிலிருந்து எழுதித் தொகுக்கப்பட்ட வினாக்கள் போட்டோப்பிரதிக் கட்டுக்களாகக் கைமாறுகின்றன. கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றிலே நால்வர் கூடியிருந்து அவற்றுக்கு விடை காண்கின்றனர். வசதியுள்ளோர் அமெரிக்க வினா வங்கிகளுக்குச் சந்தா செலுத்துகின்றனர். இச்சந்தா டொலரிற் கணிக்கப்படுவது. 2022ஆம் ஆண்டு மார்ச்சின் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவிலிருந்த ஒரு டொலர், இரண்டு மாதங்களுள் முந்நூற்றறுபதை எட்டியதைக் கண்டவர்கள், பயிற்சி வினாவும் இறக்குமதிப் பண்டமே என்பதை உணர்ந்திருப்பர்.

இச்சந்தையில் விற்கப்படுவது வினா மட்டுமன்று. எதிர்காலம் பற்றிய உறுதிப்பாடும் அதனோடு சேர்த்து விற்கப்படுகின்றது. 'எமது மாதிரிப் பரீட்சையில் இத்தனை புள்ளி பெற்றால் உண்மைப் பரீட்சையிற் சித்தி நிச்சயம்' என்னும் கூற்றுத்தான் அச்சரக்கின் உயிர்நாடி. இதில் உண்மை எவ்வளவு?

உண்மை ஓரளவு உண்டு என்பதை முதலிலேயே கூறிவிடவேண்டும். முற்போக்கு எழுத்தாளர் சிலர் பரீட்சை முறை முழுவதையும் வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவர். அது எளிய வழி. ஆனால் ஆய்வுக்கு உகந்த வழியன்று. அமெரிக்காவில் 1992இல் ஆரம்பிக்கப்பட்ட மருத்துவ உரிமப் பரீட்சை தொடர்பாக நடைபெற்ற ஆய்வுகள், பயிற்சி வினாக்களிற் பெறும் புள்ளிக்கும் உண்மைப் பரீட்சைப் புள்ளிக்கும் இடையில் குறிப்பிடத்தக்க இணைவு இருப்பதையே காட்டுகின்றன. பரீட்சையை நடத்தும் நிறுவனமே தயாரித்த சுயமதிப்பீட்டுத் தாளாக இருந்து, அது பரீட்சைக்கு அண்மையில் உரிய நேரக்கட்டுப்பாட்டோடு எழுதப்பட்டதாயின், அவ்விணைவு வலுவாக இருக்கும். காரணம் மறைபொருளன்று. இரண்டையும் ஒரே கை, ஒரே பாடத்திட்ட அளவுகோலைக் கொண்டு அமைத்திருக்கின்றது. வேறொருவர் வேறு நோக்கத்துடன் தொகுத்த வினாக் கட்டுக்கு அதே வலு இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை.

இணைவு என்பதன் பொருளை நமது மாணவரும் பெற்றோரும் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். இவ்விடத்திற் சிறிது நின்று விளக்குவது நன்று. இரு புள்ளித் தொடர்களுக்கிடையிலான இணைவுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொள்வோம். கல்வியியல் ஆய்வில் இது உயர்ந்த பெறுமானமாகவே கொள்ளப்படும். 0.7இன் வர்க்கம் 0.49. அதாவது, பரீட்சார்த்திகளின் உண்மைப் பரீட்சைப் புள்ளிகளிடையே காணப்படும் வேறுபாட்டிற் சரிபாதியளவையே பயிற்சிப் புள்ளி விளக்குகின்றது. எஞ்சிய பாதியை அது விளக்கவில்லை. இதனைத் தனியொருவர்மீது பொருத்திப் பார்ப்போம். உண்மைப் பரீட்சைப் புள்ளிகளின் நியம விலகல் 10 எனில், முன்னறிதலிலுள்ள வழுவின் அளவு ஏறத்தாழ 7 ஆகும். 55 பெறுவார் என்று கணிக்கப்படும் மூவரில் இருவர் 48க்கும் 62க்கும் இடையில் எங்கோ நிற்பர். மூன்றாமவர் அதற்கும் வெளியே நிற்பார். சித்தியெல்லை 50 எனில், இந்தக் கணிப்பு அந்தத் தாயாருக்கு என்ன ஆறுதலைத் தரமுடியும்? நூறு பேரை வரிசைப்படுத்துவதற்கு உதவும் கருவி, ஒருவருடைய தலைவிதியைக் கூறுவதற்கு உதவுவதில்லை.

எல்லைக்கோடு என்பதே தனியாக ஆராயத்தக்கது. இந்தியாவில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கென 2002ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தகுதிகாண் பரீட்சையில் 300 பல்தேர்வு வினாக்கள். சித்திக்கு 150 வேண்டும். 149 பெற்றவருக்கும் 150 பெற்றவருக்கும் மருத்துவ அறிவில் உள்ள வேறுபாட்டினை எந்த அளவுகோலாலும் காட்டமுடியாது. எனினும் ஒருவர் மருத்துவர், மற்றவர் மருத்துவரல்லர். ஒரு புள்ளியின் பொருள் அப்புள்ளியிலே இல்லை, கோடு எங்கே கீறப்படுகின்றது என்பதிலேயே உள்ளது என்பதை ஈழத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. 1970-71ஆம் ஆண்டு மருத்துவ பீட அனுமதிக்கு 400 புள்ளிகளுள் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250உம் சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229உம் பெறவேண்டியிருந்தது. 240 புள்ளி என்பது ஒரு மொழியில் வெற்றியாகவும் மற்றொரு மொழியிலே தோல்வியாகவும் அமைந்தது. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இசட் புள்ளி வந்தது. பயிற்சிப் புள்ளியைக் கொண்டு 'நான் எவ்வளவு பெறுவேன்' என்று கணிப்பவர் கோட்டினைக் கீறும் கையையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். அது அவருடைய கட்டுப்பாட்டில் இல்லாதது.

இனி, புள்ளி வழங்கும் முறை. ஒரு கூற்றின் கீழ் ஐந்து கிளைகளைத் தந்து ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று கேட்கும் வினா வகை நமது மருத்துவ மாணவருக்கு நன்கு பழக்கமானது. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதும் உண்டு. நூறு கிளைகளில் நாற்பதை ஐயமின்றி அறிந்த ஒருவர் மீதி அறுபதையும் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால், சராசரியாக முப்பது சரியாகும். புள்ளி கழிக்காத மாதிரித் தாளில் அவர் பெறுவது 70. ஒரு பிழைக்கு ஒரு புள்ளி கழிக்கும் தாளிலே, ஊகத்தால் வந்த முப்பதும் ஊகத்தாற் பிழைத்த முப்பதும் ஒன்றையொன்று அழித்துவிட, அவருக்கு எஞ்சுவது 40. அதே அறிவு, அதே மனிதர், இரண்டு எண்கள். மாதிரித் தாளினைத் தட்டச்சுச் செய்து விற்பவர் புள்ளி கழிக்கும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. அவருடைய வாடிக்கையாளரும் அதனை விரும்புவதில்லை.

இவற்றிலும் பாரதூரமானது வினாக்கள் மீண்டும் மீண்டும் வருவதனால் ஏற்படும் மயக்கமாகும். நான் மேலே குறிப்பிட்ட இளைஞர் தாம் எழுதிய மாதிரித் தாள்களைப் பின்னர் எனக்குக் காட்டினார். தனியார் வகுப்பொன்று தயாரித்த நான்கு தாள்கள் அவை. அவருடைய அறையிலிருந்த பழைய கட்டுக்களோடு ஒப்புநோக்கியபோது, வினாக்களிற் பெரும்பகுதி அக்கட்டுக்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. அக்கட்டுக்களை அவர் இருமுறை படித்து முடித்திருந்தார். பாடபேத ஆராய்ச்சியிற் பழகிய கண்ணுக்கு இது ஓர் எளிய வேலை; ஒரு சுவடியின் பிழை மற்றொரு சுவடியிலும் அவ்வாறே காணப்படின் இரண்டும் ஒரு மூலத்தின் வழி வந்தவை என்போமல்லவா? ஒரு மருந்தின் பெயரில் நேர்ந்திருந்த அதே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்தது. ஆக, எழுபத்திரண்டு என்ற எண் அளந்தது மருத்துவ அறிவையன்று. வினாவை முன்னர் கண்ட நினைவையே அது அளந்தது. அவர் அம்முறை சித்தியடையவில்லை.

பொருளியலறிஞர் சார்ல்ஸ் குட்ஹாட் 1975இல் நாணயக் கொள்கை தொடர்பாகக் கூறிய ஒரு கருத்து இங்கு பொருந்தும். ஓர் அளவீட்டினைக் கட்டுப்பாட்டுக்குரிய இலக்காக ஆக்கியவுடன், அதுவரை அதற்கிருந்த ஒழுங்கான தொடர்பு சிதையத் தொடங்குகின்றது என்பது அதன் சாரம். பயிற்சிப் புள்ளி அறிவின் அடையாளமாக இருந்தவரை அதற்கு முன்னறியும் ஆற்றல் இருந்தது. அப்புள்ளியையே உயர்த்துவதற்காக உழைக்கத் தொடங்கியதும் அடையாளம் மட்டும் வளர்ந்து அறிவு நின்றுவிடுகின்றது. மார்க்சியப் பரிபாஷையிற் கூறின், பயன்மதிப்புக்காகச் செய்யப்பட்ட பயிற்சி பரிவர்த்தனை மதிப்புக்காகச் செய்யப்படுவதாக மாறுகின்றது. இம்மாற்றம் தனிமனிதரின் பேராசையினால் விளைந்ததன்று. மாணவருக்கும் பரீட்சகருக்கும் இடையில் நேரடிக் கற்பித்தல் உறவு இல்லாத இடத்தில் இது தவிர்க்கமுடியாது தோன்றும்.

நமது கல்வி வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும், பின்னர் இலண்டன் மற்றிக்குலேசனும் இந்நாட்டில் நடத்தப்பட்டன. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. வினாவை ஆக்குபவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அவருடைய மனத்தை அறிவதற்குக் கடந்தகால வினாத்தாளைத் தவிர வேறு சாளரம் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சி மறைந்த பின்னரும் அந்தச் சாளரத்தின் முன் உட்காரும் வழக்கம் நம்மைவிட்டு அகலவில்லை. இது நமக்கு மட்டும் உரிய குறைபாடு என்று தாழ்வுணர்ச்சி கொள்ளவேண்டியதில்லை. சீனப் பேரரசின் அரசபணிப் பரீட்சைகளுக்குத் தோற்றியோரும் அச்சிட்டு விற்கப்பட்ட மாதிரிக் கட்டுரைத் தொகுதிகளை வாங்கி மனனம் செய்தவர்களே.

அவ்வாறாயின் பயிற்சி வினாக்கள் பயனற்றவையா? அல்ல. முன்னறியும் கருவியாக அவற்றை ஐயுறவேண்டிய அளவுக்கு, கற்கும் கருவியாக அவற்றை மதிக்கவேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையே குழப்பத்துக்குக் காரணம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட பரிசோதனை ஒன்றுண்டு. மாணவர் ஓர் உரைப்பகுதியைப் படித்தனர். பின்னர் ஒரு பகுதியை மீண்டும் படித்தனர், மற்றொரு பகுதியைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்ததே மேலாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. நினைவிலிருந்து எழுதியதில் 56 வீதமும் மீண்டும் படித்ததில் 42 வீதமும் எஞ்சியிருந்தன. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்தவர்களே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பினர் என்பது கவனிக்கத்தக்கது. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு பயிற்சி மருத்துவர்களிடையே நடத்தப்பட்டது. ஆறு மாதங்களின் பின்னர், சோதனை மூலம் கற்ற விடயத்தில் 39 வீதமும் படித்து மட்டும் கற்ற விடயத்தில் 26 வீதமும் நினைவில் நின்றன. ஆகவே வினாவுக்கு விடை தேடி மனத்தை வருத்துவது அறிவை நிலைக்கச் செய்கின்றது. விடை பிழைத்தபோது ஏன் பிழைத்தது என்று நூலைத் திறந்து பார்ப்பவருக்கு அந்தப் பிழையே இலாபம். ஆனால் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதற்காகவே தாளை எழுதுபவர் பிழையை நட்டமாகக் காண்பார். அடுத்தமுறை அதே தாளை எழுதி அந்த நட்டத்தை ஈடுசெய்வார்.

மருத்துவக் கல்வியாளர் இவ்விடயத்தில் எவ்வளவு தூரம் சென்றுள்ளனர் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒரு சான்று. அங்கு உரிமப் பரீட்சையின் முதற்படியில் 2022 ஜனவரி முதல் எண்ணாற் புள்ளி வெளியிடப்படுவதில்லை. சித்தி அல்லது சித்தியின்மை மட்டுமே அறிவிக்கப்படுகின்றது. உரிமத்துக்கென ஏற்பட்ட புள்ளி, வைத்தியசாலைகள் மாணவரைத் தெரிவுசெய்யும் தராசாக மாறியதும், அதன்பொருட்டு மாணவர் வகுப்பையும் நோயாளியையும் விட்டு வினா வங்கியோடு வாழத் தொடங்கியதுமே இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானவை. எனினும் நோயாளியைப் போல் நடிப்பவரோடு உரையாடிப் பரிசோதிக்கும் பகுதி 2021இல் அங்கே கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். அம்மாற்றத்தை முன்னேற்றமென்று கூற எனக்கு மனமில்லை.

ஏனெனில், வினாக்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. நன்னூலார் வினாவினை ஆறாக வகுத்தார். தான் விடையை அறிந்துகொண்டு மற்றவர் அறிவாரா எனக் கேட்பது அறிவினா. தான் அறியாததனால் அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியமுடியாது கேட்பது ஐயவினா. கொளல், கொடை, ஏவல் என்பன ஏனைய மூன்று. பரீட்சைத் தாளில் உள்ள அனைத்தும் அறிவினாக்கள். கேட்பவரிடம் விடை முன்னரே இருக்கின்றது. ஐந்தில் ஒன்றாக அது தாளிலேயே அச்சாகியும் இருக்கின்றது. பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் வாங்கில் இருக்கும் கிழவி கேட்பதோ அறியாவினா. 'நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது, ஏன் ராசா?' என்பதற்கு ஐந்து தெரிவுகள் இல்லை. மருத்துவர் அந்த அறியாவினாவைத் தமது உள்ளத்தில் ஐயவினாவாக மாற்றவேண்டும். பின்னர் கைகளாலும் காதுகளாலும் அதனைத் தீர்க்கவேண்டும். பதிவுப் பரீட்சையில் வாய்மொழிப் பகுதியும் கட்டிலருகே நடைபெறும் பகுதியும் இருப்பதன் நியாயம் இதுவே. பயிற்சி வினாக் கட்டு முன்னறிவதாகக் கூறிக்கொள்ளும் பரீட்சை அதன் ஒரு பகுதி மட்டுமே. பல்தேர்வுத் தாளிற் கரையேறிய சிலர் நோயாளியின் முன்னே தடுமாறுவதற்கும், ஆங்கிலத்திற் கற்ற நோய்க்குறிகளைத் தமிழிலோ சிங்களத்திலோ கேட்டறியத் தெரியாமல் நிற்பதற்கும் எந்தக் கட்டிலும் எச்சரிக்கை இருப்பதில்லை. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கியபோது எதிர்நோக்கியதும் இதே பிரச்சினையின் மற்றொரு முகமே. அவர் நோயாளியின் மொழியிலிருந்து தொடங்கினார்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. இணைவு இருக்கின்றது என்பதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. தனியறையும் தடையற்ற மின்சாரமும் வேலைக்குப் போகவேண்டிய கட்டாயமின்மையும் உடையவர் பயிற்சித் தாளிலும் கூடப் பெறுவார், பரீட்சையிலும் கூடப் பெறுவார். கொட்டாஞ்சேனை அறையில் நால்வருள் ஒருவர் பகலில் மருந்துக் கடையொன்றிலே நின்றுவிட்டு இரவில் வினாக்களைத் திறப்பவர். அவருடைய குறைந்த புள்ளி அவருடைய அறிவினை அளக்கின்றதா, அவருக்குக் கிடைத்த மணித்தியாலங்களை அளக்கின்றதா? இரண்டு தாள்களும் ஒரே சமூக நிலையைப் பிரதிபலிப்பதனாலும் அவற்றுக்கிடையே ஒற்றுமை தோன்றக்கூடும். அத்துடன், 'இத்தனை வினாச் செய்தேன், சித்தியடைந்தேன்' என்று பகிரங்கமாகக் கூறுபவர்கள் சித்தியடைந்தவர்களே. அதே கட்டினைச் செய்து தவறியவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

அந்தத் தாயாரிடம் பின்னர் ஒருநாள் நான் கூறியது இவ்வளவுதான்: பிள்ளை முன்னர் காணாத தாளாக இருக்கவேண்டும், நேரம் வைத்து, ஒரே அமர்வில், உண்மைப் பரீட்சையின் புள்ளிமுறைப்படி, முதன்முறை எழுதியதாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட தாள் ஒன்றல்ல, மூன்று நான்கின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்து, அது சித்தியெல்லைக்கு ஏழு எட்டுப் புள்ளியாவது மேலே நின்றாற் சிறிது நம்பலாம். எல்லையை ஒட்டி நின்றால் அது எதையும் கூறவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப கட்டிலடிச் சோதனைக்கு என்ன தாள் இருக்குது, தம்பி?" என்றார். அதற்குத் தாள் இல்லை என்றேன். மகன் இப்போது காலையில் வைத்தியசாலை வாட்டு ஒன்றில், தமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரின் அனுமதியோடு, நோயாளிகளுடன் பேசிப் பழகிவிட்டுப் பிற்பகலில்தான் கட்டுக்களைத் திறக்கிறார். மீண்டும் தோற்றுவதற்கு விண்ணப்பித்திருக்கிறார். காணி இன்னும் மீட்கப்படவில்லை.